ரெக்கார்டு நோட்டில் இடமில்லாததை எழுதுவது: கணினி அறிவியல் மாணவர்களும் வலைப்பதிவும்

இரண்டாமாண்டு_கோவை

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் பி.இ. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆளுக்கொரு வலைப்பதிவு தொடங்குங்கள், படிப்பதையும் உங்களுக்குப் பிடித்ததையும் எழுதுங்கள் என்று எங்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். கட்டாயம் இல்லை, மதிப்பெண்ணும் கிடையாது. பாதிப் பேர் தொடங்கிவிட்டார்கள். திறந்து பார்த்தால் "ஸ்டாக் என்றால் என்ன", "கியூ என்றால் என்ன", "பைத்தானின் பத்துச் சிறப்புகள்" என்று எல்லாருடையதும் ஒரே மாதிரி இருக்கிறது. அதையே நானும் எழுதி என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது.

ஆனால் எழுத ஆசை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன், தமிழில் எழுத வரும். பாடம் தவிர கிரிக்கெட் பிடிக்கும். எதைப் பற்றி எழுதுவது, தமிழிலா ஆங்கிலத்திலா, எந்தத் தளத்தில் தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பின்னிரவு_நிரலர்

தம்பி, உங்கள் ஆய்வக ரெக்கார்டு நோட்டை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் நோக்கம், படிமுறை, நிரல், வெளியீடு, முடிவு. கடைசி வரி எல்லார் நோட்டிலும் ஒன்றேதான்: நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது. முதல் தடவை ஓட்டியபோது என்ன வந்தது, எந்த வரியில் முட்டிக்கொண்டு நின்றீர்கள், எதை மாற்றிப் பார்த்தீர்கள், கடைசியில் எது சரிசெய்தது, இதற்கெல்லாம் அந்த நோட்டில் இடமே கிடையாது. நீங்கள் உண்மையில் கற்றுக்கொண்டது அந்த இடத்தில்தான்.

அதை எழுதுங்கள். ஸ்டாக் என்றால் என்ன என்று எழுதப் பாடநூல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் உங்கள் திரையில் வந்த பிழைச்செய்தியைப் பற்றி உங்களைத் தவிர வேறு யார் எழுத முடியும்?

இரண்டு விஷயம் மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒன்று, பிழைச்செய்தியைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போடாதீர்கள், எழுத்தாகவே ஒட்டுங்கள். அதே பிழையில் மாட்டிய இன்னொருவர் அந்த வரியைத்தான் அப்படியே தேடுவார், படத்துக்குள் இருந்தால் தேடுபொறிக்குச் சரியாக அகப்படாது. இரண்டு, எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பைத்தான் 2-க்கு ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது, ஆனாலும் அந்தக் காலத்து விடைகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. தேதியும் பதிப்பும் இல்லாததால் புதிதாக வரும் பிள்ளைகள் அவற்றை நம்பி ஓட்டிப் பார்த்து மணிக்கணக்கில் திண்டாடுகிறார்கள்.

ஃபைனல்_இயர்

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். ப்ளேஸ்மெண்டுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது. பதிவு எழுதும் நேரத்தில், நிரல் கணக்குகள் தரும் லீட்கோடு தளத்தில் தினமும் ஒரு கணக்குப் போட்டால் பிரயோஜனம். முதல் சுற்றில் ஆயிரக்கணக்கானவர்களை ஆப்டிட்யூட் தேர்வு வைத்துத்தான் கழிக்கிறார்கள். அங்கே யாரும் உங்கள் வலைப்பதிவைத் திறந்து பார்க்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் பேட்சில் எழுதத் தொடங்கிய எல்லாரும் இரண்டாம் பதிவோடு நிறுத்திவிட்டார்கள்.

தரமணி_அக்கா

ஃபைனல் இயர் தம்பி சொல்வதில் பாதி சரி. முதல் சுற்றில் பார்க்க மாட்டார்கள்தான். அதற்கு அடுத்து வரும் தொழில்நுட்ப நேர்முகத்தில் இந்தப் பக்கம் உட்காருகிறவள் நான். விண்ணப்பத்தில் இணைப்பு இருந்தால் திறந்து பார்ப்பேன். "பைத்தானின் பத்துச் சிறப்புகள்" என்று இருந்தால் மூடிவிட்டு வழக்கமான கேள்விகளுக்குப் போய்விடுவேன். உங்கள் மினி பிராஜெக்டில் டேட்டாபேஸ் ஏன் மெதுவானது, எந்த நெடுவரிசைக்குத் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போட்டதும் எவ்வளவு வேகமானது என்று நாலு பத்தி எழுதியிருந்தால், என் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும். நீங்களே செய்த வேலை, அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விடை. பதற்றத்தோடு வந்து உட்காரும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

லீட்கோடையும் விட வேண்டாம். போட்ட கணக்கில் ஒன்றை எடுத்து, முதலில் எந்த வழி தோன்றியது, அது ஏன் நேர வரம்பைத் தாண்டியது என்று எழுதினால் இரண்டும் ஒரே வேலையாகிவிடும்.

கிரிக்கெட் என்றீர்களே தம்பி, கிரிக்ஷீட் என்ற தளத்தில் பந்துக்குப் பந்து விவரம் இலவசமாகக் கிடைக்கிறது. பவர்பிளேயில் ரன் இல்லாத பந்துகள் அதிகமானால் கடைசி ஐந்து ஓவரில் அது சரிக்கட்டப்படுகிறதா என்று ஒரு கேள்வியை நீங்களே கேட்டு, நீங்களே நிரல் எழுதி விடை கண்டுபிடிக்கலாம். பிடித்ததும் பாடமும் சேருகிற இடம் அது. இரண்டு ஆண்டு எழுதினாலும் விஷயம் தீராது.

விரிவுரையாளர்_மதுரை

ஆசிரியர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும், கவனமாகக் கேளுங்கள். அசைன்மெண்ட் விடைகளை அப்படியே போடாதீர்கள். ஹார்வர்டின் கணினி அறிமுக வகுப்பான சிஎஸ்50 ஆனாலும் இணையவழி வகுப்புத் தளமான கோர்செராவானாலும், தரப்படுத்தும் பயிற்சிகளின் விடையைப் பொதுவில் வைக்கக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என்பிடெல் என்ற இணையவழி வகுப்புகளின் வாராந்திரத் தேர்வு விடைகள் என்று எத்தனை பதிவுகள், எத்தனை காணொளிகள்! போடுபவருக்குப் பார்வையாளர் எண்ணிக்கை ஏறுகிறது. பார்த்து எழுதும் பிள்ளைக்குச் சான்றிதழ் வருகிறது, பாடம் வருவதில்லை. நேரில் பார்த்து மனம் நொந்து போய்த்தான் சொல்கிறேன்.

அதற்காக எழுதவே கூடாது என்பதில்லை. வகுப்பில் லிங்க்டு லிஸ்டைத் திருப்பச் சொன்னார்கள் என்றால், அந்தக் கருத்தை வேறொரு எடுத்துக்காட்டில் வைத்து எழுதுங்கள். இல்லையென்றால் நீங்கள் இடறிய ஒரே ஒரு இடத்தை மட்டும் எழுதுங்கள். சந்தேகமாக இருந்தால் பாடம் எடுப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள்.

யாழ்_கம்பஸ்

நான் யாழ்ப்பாணத்தில் கணினி விஞ்ஞானம் இறுதி வருடம். மொழி பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இங்கே ஏ.எல். (பள்ளி உயர்தரம்) வரைக்கும் நாங்கள் எல்லாம் தமிழில் படிக்கிறோம், கம்பசுக்குள் வந்த முதல் நாளிலிருந்து விரிவுரை ஆங்கிலத்தில். முதல் வருடம் நிறையப் பேருக்கு நிரலாக்கம் விளங்காமல் போவதற்குக் காரணம் நிரலாக்கம் அல்ல. ரிகர்ஷன், அதாவது ஒரு செயற்கூறு தன்னையே அழைப்பது என்பதை ஒருவர் தமிழில் பத்து நிமிடம் இருந்து சொல்லித்தந்தால் விளங்கிவிடும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் ஒரு செமஸ்டர் போய்விடுகிறது.

அதனால் தம்பி, தமிழில் எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளை ஒன்று நிச்சயமாக இருக்கும், அதற்காக எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கலைச்சொல்லில் சந்தேகம் வந்தால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். விளங்கினால் போதும்.

லினக்ஸ்_சேலம்

நானும் தமிழுக்குத்தான் வாக்களிப்பேன். நீங்கள் தனியாளும் இல்லை. 2012-லிருந்து கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் கட்டுரைகள் வெளியிட்டு வருகிறது, எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். உங்கள் வலைப்பதிவில் நாலைந்து பதிவு சேர்ந்ததும் அவர்களுக்கும் அனுப்பலாம். தட்டச்சுக்குத் தமிழ்99 பழகிக்கொள்ளுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த விசைப்பலகை, உயிர் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். கை பழகிவிட்டால் ஒலிபெயர்ப்பு முறையைவிட வேகம்.

தளம் பற்றி: உடனே எழுத வேண்டும் என்றால் பிளாகர். கணக்குத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் முதல் பதிவு போடலாம். கொஞ்சம் பொறுமை இருந்தால், நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தின் கிட்ஹப் பேஜஸ். பதிவுகளை மார்க்டவுன் என்ற எளிய எழுத்துக் கோப்புகளாக எழுதி, ஜெக்கில் அல்லது ஹியூகோ என்ற கருவியை வைத்துப் பக்கமாக்கி ஏற்றுவது. இலவசம்தான். கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் கட்டளைகள் தானாகப் பழகிவிடும், அது எப்படியும் வேலையில் தேவை.

எதில் எழுதினாலும் மூலக் கோப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். யாஹூ 2009-ல் ஜியோசிட்டீஸை மூடியது, கூகுள் 2019-ல் கூகுள் பிளஸை மூடியது. இரண்டிலும் தமிழில் எழுதியவர்கள் இருந்தார்கள். படி எடுத்து வைக்காதவர்களின் எழுத்து போனது போனதுதான்.

இன்னொன்று. தீம் தேர்ந்தெடுப்பதில் வாரக்கணக்கைச் செலவழிக்காதீர்கள். வண்ணம், எழுத்துரு, லோகோ எல்லாம் அப்புறம். முதலில் ஒரு பதிவு.

இரண்டாமாண்டு_கோவை

இவ்வளவு பேர் பதில் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மிக்க நன்றி.

நிரலர் அண்ணா சொன்னதும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. முதல் ஆண்டு பைத்தான் ஆய்வகத்தில் ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல்லாக வருகிறதா என்று பார்க்கும் பயிற்சி உண்டு. எல்லாரும் ஆங்கிலச் சொல் கொடுத்துச் சரிபார்த்தார்கள். நான் "விகடகவி" கொடுத்துப் பார்த்தேன், இல்லை என்று வந்தது. அப்போது நேரமில்லை, விட்டுவிட்டேன். இப்போது உட்கார்ந்து தேடியதில் யூனிகோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்று புரிகிறது. இதைத்தான் முதல் பதிவாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். தொடக்கம் இது:

"இன்றைய நவீன உலகில் கணினியின் பயன்பாடு இன்றியமையாதது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்க யூனிகோடு என்னும் குறியாக்கமுறை பயன்படுகிறது. யூனிகோடு என்பது உலகிலுள்ள அனைத்து மொழிகளுக்கும் பொதுவானதாகும். இக்கட்டுரையில் யூனிகோடின் வரலாறு, வகைகள், நன்மைகள் மற்றும் குறைபாடுகள் பற்றிக் காண்போம்."

எப்படி இருக்கிறது?

பின்னிரவு_நிரலர்

விகடகவி கொடுத்துப் பார்த்தீர்களா! அருமை தம்பி. இதைத்தான் கேட்டேன்.

ஆனால் அந்தத் தொடக்கப் பத்தி முழுவதையும் எடுத்துவிடுங்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. பள்ளியில் கட்டுரை எழுதப் பழக்கிய விதம் அப்படி, முன்னுரை இல்லாமல் பேனா நகராது. கணினி இன்றியமையாதது என்பது உங்கள் பதிவைத் திரையில் படித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியும். யூனிகோடின் வரலாறும் வேண்டாம். இங்கே மேலே நீங்கள் எங்களுக்கு எழுதிய நாலு வரி இருக்கிறதே, ஆய்வகத்தில் விகடகவி கொடுத்தேன், இல்லை என்று வந்தது என்று, அதுதான் தொடக்கம். அதைப் படித்ததும் எனக்கே எழுந்து போய் ஓட்டிப் பார்க்கத் தோன்றியது.

விரிவுரையாளர்_மதுரை

நானும் ஓட்டிப் பார்த்தேன். இத்தனை வருடம் இந்தப் பயிற்சியைக் கொடுக்கிறோம், தமிழ்ச் சொல்லைக் கொடுத்துப் பார்த்த மாணவர் என் ஆய்வகத்தில் இல்லை. அடுத்த பருவத்திலிருந்து நானே கொடுக்கப்போகிறேன்.

பதிவில் ஒன்று சேர்க்கலாம். பைத்தானில் நீளம் கேட்டால் ஒரு எண் வரும். அதே சொல்லை சி மொழியில் ஒரு சாதாரண எழுத்துச் சரமாக வைத்து நீளம் கேட்டால் வேறு எண் வரும். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்பதை விளக்கினீர்களானால் குறியீட்டுப் புள்ளிக்கும் (யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்) பைட்டுக்கும் (நினைவகத்தின் சேமிப்பு அலகு) உள்ள வேறுபாடு தானாக வந்துவிடும், தனியாக இலக்கணம் சொல்ல வேண்டியதில்லை. பரிசோதிக்கச் சொற்கள் வேண்டுமானால் "தேரு வருதே", "மாடு ஓடுமா" எல்லாம் கொடுத்துப் பாருங்கள், இடைவெளியை மட்டும் நீக்கிவிட்டு. இதற்கு நம்மிடம் மாலைமாற்று என்று ஒரு பாவகையே உண்டு. சம்பந்தர் தேவாரத்தில் அப்படி ஒரு பதிகமே இருக்கிறது.

ஃபைனல்_இயர்

விகடகவி விஷயம் எனக்கும் தெரியாது, நன்றாக இருக்கிறது. ஆனால் நேர்மையாக ஒரு கேள்வி. இதையே சாட்ஜிபிடியிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் முழுப் பதிவையும் எழுதித் தந்துவிடும், தமிழிலேயே. பிறகு ஒரு மாணவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுதுவதற்கு என்ன மதிப்பு?

தரமணி_அக்கா

யாருக்கு மதிப்பு என்று பாருங்கள் தம்பி. படிப்பவருக்கு விளக்கம் கிடைத்தால் போதும், அது எங்கிருந்து வந்தால் என்ன என்று வாதாடலாம். எழுதுபவருக்கு அப்படி இல்லை. ஒரு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழுத உட்காருவோம். மூன்றாவது வாக்கியத்தில் "ஏனென்றால்" என்று எழுதிவிட்டு அதற்குப் பிறகு கை நிற்கும். அங்கேதான் நமக்குப் புரியாதது எது என்று தெரிகிறது. திரும்பப் போய்ப் படிக்கிறோம், ஓட்டிப் பார்க்கிறோம், வந்து அந்த வாக்கியத்தை முடிக்கிறோம். இயந்திரம் எழுதிக் கொடுத்தால் அந்த "ஏனென்றால்" உங்களுக்கு வரவே வராது. நேர்முகத்தில் நான் இரண்டாவது கேள்வி கேட்கும்போதுதான் வரும்.

பயன்படுத்தவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எழுதி முடித்துவிட்டு, இதில் எந்த இடம் தெளிவாக இல்லை, எந்த இடத்தில் தகவல் தவறு என்று கேளுங்கள். அது தவறு என்று சொல்வதையும் ஓட்டிப் பார்த்துச் சரிபாருங்கள். எழுதுவது உங்கள் கையாக இருக்கட்டும்.

லினக்ஸ்_சேலம்

மதிப்பு பற்றிப் பேச்சு வந்ததால் இரண்டு பேரைச் சொல்கிறேன்.

டைக்ஸ்ட்ரா. குறுவழி காணும் அல்காரிதத்தில் நாம் எல்லாரும் படிக்கும் அதே டைக்ஸ்ட்ரா. அவர் தோன்றியதையெல்லாம் சிறு குறிப்புகளாக எழுதி, வரிசை எண் போட்டு, படியெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். அவர்கள் இன்னும் படியெடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் பேனாவால் கைப்பட எழுதியவை. 1,300-க்கும் மேல். எண்ணிக்கையை ஏன் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று 1982-ல் எழுதிய 831-ஆம் குறிப்பு சில பக்கம்தான். அர்ரே என்ற வரிசைப் பட்டியலின் முதல் உறுப்புக்கு ஏன் 0 என்று வகுப்பில் கேட்டால் "அது அப்படித்தான்" என்று விடை வரும் இடத்தில், அவர் உட்கார்ந்து காரணம் காட்டியிருக்கிறார். டெக்சஸ் பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் இணையத்தில் வைத்திருக்கிறது, போய்ப் பாருங்கள்.

இன்னொருவர் ஜோஷுவா பிளாக். ஜாவாவின் நூலகத்தில் இருந்த, வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி சர்ச் அவர் எழுதியது. அதில் ஒன்பது ஆண்டு போல ஒரு பிழை யாருக்கும் தெரியாமல் இருந்தது. கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோமே, அந்த வரிதான். கூட்டுத்தொகை, ஜாவாவின் முழு எண் கொள்ளும் உச்சமான 2147483647-ஐத் தாண்டினால் எதிர்ம எண்ணாகிவிடும், நிரல் விழுந்துவிடும். அர்ரேயில் நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால்தான் இது நடக்கும் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. 2006-ல் அவரே கூகுளின் ஆராய்ச்சி வலைப்பதிவில் ஒரு பதிவு போட்டு, நாம் எழுதியிருக்கும் பைனரி சர்ச் ஏறக்குறைய எல்லாமே பழுது என்று விளக்கினார். நடுவை எடுக்க, இரண்டு எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கிக் கீழ் எல்லையோடு கூட்டினால் போதும். அந்தப் பதிவு பெரியதே இல்லை. ஒரு வரிப் பிழை, ஏன் வந்தது, எப்படித் தீர்ப்பது, அவ்வளவுதான். முதல் ஆண்டு மாணவருக்கும் புரியும். இன்றைக்கும் நம் கல்லூரி நோட்டுகளில் பழைய வரிதான் இருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நம் பிள்ளைகள் ஏன் இப்படி எழுதக் கூடாது?

இரண்டாமாண்டு_கோவை

மறுபடி எழுதினேன். நீளமாக இருந்தால் மன்னிக்கவும், முழுவதையும் இங்கேயே போடுகிறேன். பைத்தான் 3.12, உபுண்டு.

*விகடகவியைத் திருப்பினால் விகடகவி வரவில்லை*

ஆய்வகப் பயிற்சி இது: ஒரு சொல்லைத் திருப்பிப் பார்த்து, அதே சொல்லாக இருந்தால் ட்ரூ, இல்லையென்றால் ஃபால்ஸ். பைத்தான் 3-இல் மாறியின் பெயரையே தமிழில் வைக்கலாம், அதனால் நிரல் இவ்வளவுதான்:

சொல் = "விகடகவி"
சொல் == சொல்[::-1]

[::-1] என்பது சொல்லைத் திருப்பிப் போடுவது. வந்த விடை: ஃபால்ஸ். திருப்பிய சொல்லைத் திரையில் அச்சிட்டால் "ிவகடகிவ" என்று வருகிறது. முதலில் ஒரு கொக்கி தனியாகத் தொங்குகிறது. கடைசியில் இருந்த வி, கொக்கி இல்லாத வ ஆகிவிட்டது. நடுவில் இருந்த க, கி ஆகிவிட்டது.

நீளம் கேட்டால் 7 என்கிறது. நாம் எண்ணினால் ஐந்து எழுத்து. சொல்லைத் துண்டு துண்டாகப் பட்டியல் போடச் சொன்னதும் காரணம் தெரிந்தது: வ, ி, க, ட, க, வ, ி. நாம் "வி" என்று ஒரு எழுத்தாகப் பார்ப்பதை யூனிகோடு வகரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என இரண்டு குறியீட்டுப் புள்ளிகளாக வைத்திருக்கிறது. பைத்தான் அந்தப் புள்ளிகளைத் திருப்புகிறது, எழுத்துகளை அல்ல. திருப்பும்போது கொக்கி தன் வகரத்தை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் ககரத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

"தமிழ்" என்பதும் அப்படியே. மூன்று எழுத்து, ஐந்து குறியீட்டுப் புள்ளி. திருப்பினால் "்ழிமத" என்று வருகிறது. வர வேண்டியது "ழ்மித".

சி மொழியில் நீளம் கேட்டால் விகடகவிக்கு 21 வருகிறது. யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் மூன்று பைட். சி மொழியின் செயற்கூறு பைட்டுகளை எண்ணுகிறது. ஏழு மூன்று இருபத்தொன்று. ஆக ஒரே சொல்லுக்கு 5, 7, 21 என்று மூன்று நீளம். மூன்றும் சரிதான், எதை எண்ணுகிறோம் என்பதுதான் வேறு.

தீர்வு: திருப்புவதற்கு முன் புள்ளிகளை எழுத்துகளாகக் கட்ட வேண்டும். யூனிகோடு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது. பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுதியில் அதைக் கேட்கலாம். கொக்கி, கால், கொம்பு, மெய்ப்புள்ளி இவற்றின் வகைப்பெயர் எல்லாம் எம் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. அதனால் சொல்லின் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வகை எம் என்று தொடங்கினால் முந்தைய எழுத்தோடு ஒட்டினேன், இல்லையென்றால் புதிய எழுத்தாகப் பட்டியலில் சேர்த்தேன். இப்போது பட்டியல்: வி, க, ட, க, வி. அதைத் திருப்பி ஒப்பிட்டால் ட்ரூ. "தேருவருதே", "மாடுஓடுமா" இரண்டுக்கும் ட்ரூ.

இவ்வளவுதான் பதிவு. வெளியிடலாமா? சீனியர்கள் பார்த்தால் இதெல்லாம் ஒரு விஷயமா என்பார்களோ என்று கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

ஃபைனல்_இயர்

சீனியராகச் சொல்கிறேன், வெளியிடுங்கள் தம்பி. எனக்கு 7 வரைக்கும் ஊகிக்க முடிந்தது, 21 ஏன் என்பது இதைப் படித்த பிறகுதான் பிடிபட்டது. எங்கள் வகுப்புக் குழுவில் இணைப்பைப் போடுகிறேன்.

பின்னிரவு_நிரலர்

கொக்கி முன்னால் இருக்கும் ககரத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்ற வரி ஒன்று போதும் தம்பி. எந்தப் பாடநூலிலும் இதை நான் இப்படிப் பார்த்ததில்லை.

சின்னத் திருத்தங்கள் இரண்டு. தலைப்பில் பைத்தான் என்ற சொல் வரட்டும், தேடுபவருக்கு உதவும். நிரலை முழுமையாகக் கடைசியில் ஒட்டுங்கள், படித்தவர் அப்படியே எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரிய நிரல்களில் இந்த எழுத்துக் கட்டும் வேலைக்கு ஆயத்த வழிகளும் உண்டு என்று ஒரு வரி சேருங்கள். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். ஜாவாஸ்கிரிப்டில் Intl.Segmenter இருக்கிறது. ஆனால் கையால் கட்டிய உங்கள் வழியை எடுத்துவிடாதீர்கள், பதிவின் உயிரே அதுதான்.

பயம் பற்றி: தவறு இருந்தால் யாராவது சொல்வார்கள். சொன்னதும் பதிவின் அடியில் தேதி போட்டுத் திருத்தம் என்று சேருங்கள், பழைய வரியைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். அப்படித் திருத்தம் போட்ட பதிவுகளைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

விரிவுரையாளர்_மதுரை

வாரம் ஒன்று எழுதுவேன் என்று சபதம் எல்லாம் எடுக்க வேண்டாம். இண்டர்னல், மாடல், செமஸ்டர் என்று வரிசையாக வரும்போது விட்டுப்போகும், விட்டுப்போனால் குற்ற உணர்ச்சியில் மொத்தமாக நின்றுவிடும். பல பிள்ளைகள் நின்றது அப்படித்தான். தேர்வு நேரத்தில் தாராளமாக விடுங்கள். ஆய்வகத்திலிருந்து வெளியே வரும்போது "இன்று எது வேலை செய்யவில்லை" என்று அப்சர்வேஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் குறித்து வையுங்கள். விடுமுறையில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எழுத வேண்டியது வரிசையில் நிற்கும்.

யாழ்_கம்பஸ்

தம்பியின் நிரலை எடுத்து என் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன், விகடகவி சரியாக வந்தது. பிறகு "மௌனம்" என்ற சொல்லை எழுத்தாகப் பிரிக்கக் கொடுத்தேன். மௌ, ன, ம் என்று மூன்று எழுத்து. சரி. பிறகு ஒரு செய்தித் தளத்திலிருந்து அதே சொல்லை வெட்டி ஒட்டினேன். நாலு எழுத்து என்று வருகிறது! மெ, ள, ன, ம்.

திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. உற்றுப் பார்த்தால்தான் விளங்கியது, அங்கே தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை எழுதியிருக்கிறார். ஒரே எழுத்தைக் குறிக்கும் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் சீராக்கம் செய்து பார்த்தேன், அதாலும் ஒன்றாகவில்லை. கணினியைப் பொறுத்தவரை அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். தேடுபொறியில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகவும் இது காரணமாக இருக்கலாம்.

லினக்ஸ்_சேலம்

அது மிகப் பரவலாக இருக்கும் தட்டச்சு வழக்கம். கௌதமன், பௌர்ணமி, சௌந்தர்யம் எல்லாவற்றிலும் நடக்கும். "ஸ்ரீ"யிலும் இதே சிக்கல் உண்டு. ஸகரத்தில் தொடங்கி எழுதுவது ஒன்று, பிற்பாடு யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி எழுதுவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும், ஒப்பிட்டால் ஃபால்ஸ். அரசு அலுவலகப் பட்டியல்களில் பெயர் தேடும் நிரல் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இரண்டாமாண்டு_கோவை

நிரலர் அண்ணா சொன்ன திருத்தங்களைச் செய்து பிளாகரில் வெளியிட்டுவிட்டேன், மூலக் கோப்பு கிட்ஹப்பில் இருக்கிறது. யாழ் அக்கா, மௌனம் நீங்கள் கண்டுபிடித்தது. அதை நீங்களே உங்கள் வலைப்பதிவில் எழுதுங்கள், என் பதிவின் அடியிலிருந்து இணைப்புக் கொடுக்கிறேன்.

யாழ்_கம்பஸ்

நான் ஆணா பெண்ணா என்று சொல்லவில்லையே, எப்படி அக்கா என்று கண்டுபிடித்தீர்கள்? சரியாகத்தான் சொன்னீர்கள். எனக்கு இன்னும் வலைப்பதிவு இல்லை, இன்று இரவு தொடங்குகிறேன். ஒரு உதவி மட்டும்: கொம்பு போட்டு ளகரம் எழுதிய சொல்லையும் உண்மையிலேயே ளகரம் உள்ள சொல்லையும் நிரல் எப்படிப் பிரித்தறியும்? "வெள்ளம்" என்பதிலும் கொம்புக்குப் பிறகு ளகரம் வருகிறது, அதை வௌ என்று மாற்றிவிட்டால் சொல்லே கெட்டுவிடும்.

விரிவுரையாளர்_மதுரை

வெள்ளத்தில் அந்த ளகரத்துக்கு மேல் புள்ளி இருக்கிறது பாருங்கள். அதனால் ளகரத்துக்கு அடுத்த குறியீட்டுப் புள்ளி என்ன வகை என்று பார்த்தால், மெய்ப்புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாமல் விடலாம். வெளிச்சம், கெளுத்தி, தெளிவு எல்லாம் அதில் தப்பிவிடும். பேச்சு வழக்கில் எழுதும் "வெளக்கு" போல வெறும் ளகரம் வரும் சொற்கள்தான் சிக்கல், அவை குறைவு. ஆனாலும் "வெளவால்" என்று எழுதியிருந்தால் வௌவாலாக மாற்ற வேண்டும், "வெளநாடு" போன்ற தட்டச்சுப் பிழையை மாற்றக் கூடாது. அதற்கு ஒரு சொற்பட்டியல் வேண்டும். தமிழ் விக்சனரியின் தலைச்சொற்களைக் கோப்பாகவே தரவிறக்கலாம். கொம்பும் வெறும் ளகரமும் சேர்ந்து வரும் சொற்களை அதிலிருந்து முதலில் வடித்தெடுங்கள், பட்டியலைப் பார்த்துவிட்டு விதியை எழுதலாம்.